வற்றிய ஏரியின் கசிவு

வாளி நாற்பது விநாடியில் நிறைந்தது. நிறைந்திருக்கக் கூடாது.

மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு தலையை நிமிர்த்திப் புல் மூடிய மண்கரையை உச்சிவரை பார்த்தாள். அந்தப் பக்கம் ஏரி இல்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் அவளே மதகைத் திறந்து, அதை ஓடைவழியே ஊரைவிட்டு அனுப்பியிருந்தாள். இப்போது அங்கே இருந்தது வெடிப்பு விட்ட சேறும், எந்தக் காலத்திலோ யார் காலையோ விட்டுப் பிரிந்த ஒற்றைச் செருப்புகளும்தான். ஆனாலும் கரையின் அடிவாரத்தில் பதித்த குழாயிலிருந்து கசிவு நீர், ஏரி தளும்பிய நாட்களில் எப்படி வந்ததோ அப்படியே, அதே சளசளப்போடு, அதே பாசி வாடையோடு விழுந்துகொண்டிருந்தது.

அணை மாமனாருடையது. அரசாங்கம் அணை வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தனி மனிதர் அணை வைத்திருப்பது வீட்டில் யானை வளர்ப்பது மாதிரி: பெருமை அவருக்கு, மிதிபடும் வாய்ப்பு அக்கம்பக்கத்துக்கு. கரைக்குக் கீழே பதினெட்டு வீடுகள். ஏழாவது, அவள் பிறந்த வீடு. அம்மாவும் தம்பியும் இன்னும் அங்கேதான்.

போன மாதம் வந்த பொறியாளர் கரையில் குதிகாலை அழுத்திப் பார்த்தார். குதிகால் உள்ளே போய்விட்டது. "ஏரியைக் காலி பண்ணுங்க. இன்னிக்கே" என்றார். மாமனார் அவருக்குக் காபி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது.

தினமும் வாளி நிறையும் நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டு உண்டு. வேகமாக நிறைந்தால் கரைக்கு ஆபத்து என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக மாமனாரின் அழகான கையெழுத்தில் நாற்பது, நாற்பது, நாற்பது. பக்கத்தைப் புரட்டினால் நாளைக்கும் நாற்பது. அடுத்த மாதக் கடைசிவரை நாற்பது.

"நாளைக்கு வரப்போறதை இன்னிக்கே எழுதிட்டீங்களே மாமா."

"மாறப்போறதில்லை. அப்புறம் எதுக்கு தினம் குனிஞ்சு நிமிரணும்?"

அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன மூன்று நாளில்தான் அவள் மதகைத் திறந்தாள். திரும்பி வந்தவர் இரண்டு நாள் காலையிலும் கரைவரை நடந்து திரும்பினார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"என் ஏரி எங்கம்மா?"

"போயிடுச்சு மாமா."

"அது எங்கேயும் போகாது" என்றார், மிகவும் சாதாரணமாக. குழம்பு கேட்டார்.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். வெளியே தண்ணீர் வருகிறதென்றால் உள்ளே எங்கோ நுழைகிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள்.

நல்ல பகல். ஏரிப் படுகை வெயிலில் காய்ந்து, அழுகிய நீர்ச்செடியின் வாடையையும் சூடான களிமண்ணின் வாடையையும் மாறி மாறி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. உள்சரிவின் கற்களில் பழைய நீர்மட்டம் ஒரு பச்சைக் கோடாக ஓடியது. அந்தக் கோட்டின் உயரத்தில், படுகைக்கு நடுவே, தட்டான்கள் பறந்தன. பறந்து, நின்று, வாலை இறக்கி வெறும் காற்றைத் தொட்டன. எழுந்தன. மறுபடி தொட்டன. தண்ணீரில் முட்டையிடும் தட்டான்கள் செய்வதுபோல.

அவள் கடப்பாரையை இறக்கி ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "பூச்சிக்குக்கூட இந்த வீட்டுப் புத்திதான்" என்றாள்.

பின்னால் செருப்புச் சத்தம். மாமனார் மதகுச் சக்கரத்தருகே வந்து நின்றார். அதைச் சுற்றினால் நீண்ட தண்டு ஒன்று கீழே மதகுக் கதவை இறக்கும்.

"மூடப்போறேன். மழைக்காலம் வருது. நிரம்பணும்."

"கரை தாங்காது. கீழே பதினெட்டு வீடு இருக்கு மாமா."

"எங்க அப்பா கட்டின கரை."

"எங்க அம்மா இருக்கிற வீடு."

அவர் சக்கரத்தில் கை வைத்தார். அவள் ஏரிப்பக்கச் சரிவில் இறங்கினாள். சேறு கணுக்கால்வரை இழுத்தது. மதகுக் கதவு இறங்கும் இடுக்கில் கடப்பாரையை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சுத்துங்க" என்றாள்.

சுற்றினார். கதவு கிறீச்சிட்டு இறங்கி, கடப்பாரையில் முட்டி நின்றது.

பிறகு சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும்.

காது அடைத்தது. மார்பை யாரோ எல்லாப் பக்கமும் இருந்து பிடித்த மாதிரி இருந்தது. காற்றில்லை. ஆனாலும் முந்தானை எழுந்தது. மெதுவாக அவிழ்ந்து, நீண்டு, மதகின் இடுக்கை நோக்கிப் போனது. கூந்தல் அதன் பின்னால். ஏதோ ஒன்று அந்த இடுக்கு வழியே போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதுவும் இல்லை. கடப்பாரை நடுங்கியது. அவள் பிடியை இறுக்கினாள்.

விட்டால் கதவு விழும். விழுந்தால் இத்தனைத் தண்ணீரின் பாரமும் கரைமேல்.

மேலே மாமனார் கால் மாற்றி நின்றார். ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தது. அவள் தலைக்குப் பதினைந்தடி மேலே, பச்சைக் கோட்டின் உயரத்தில், ஒரு கணம் தயங்கியது. அங்கிருந்து ஒரு வட்டம் விரிந்தது. அதற்கு வெளியே இன்னொன்று. கல் ஆடி ஆடி, அவசரமே இல்லாமல், அவளை நோக்கி இறங்கியது.

மாமனார் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. விட்டுவிடு என்று சைகை காட்டினார். விட்டுவிட்டு மேலே வா. இன்னொரு கை சக்கரத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.

மூச்சு முட்டியது. அவள் வாயைத் திறந்தாள்.

மாட்டேன்.

சொல் கேட்கவில்லை. உருண்டைக் குமிழியாக, வெள்ளியாக அவள் உதட்டிலிருந்து கிளம்பி, வெயிலில் மின்னி மின்னி மேலே போய், அவர் காலடியில் உடைந்தது. பின்னாலேயே அடுத்தது கிளம்பியது.