பிளிட்ஸுக்கு வைத்த பொடி

“ஐயோஓஓ...!”

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தின் அந்த நாலு மாடிக் கட்டிடம், உலகக் கோப்பை முடிந்த பிறகு இப்படி ஒரு அலறலைக் கேட்டதில்லை!

மூன்றாவது மாடி. சமையலறை மேஜை.

சிவராமன் லேப்டாப்பின் மேல் கன்னத்தைப் பதித்துக் கிடந்தான். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. ஸ்பீக்கர் போனில் யாரோ, “சிவா? ஆர் யூ தேர்?” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் அவன் மனைவி நிருபமா. கையில் சாணம் ஒட்டிய பூட்ஸ்.

கீழ் வீட்டுப் பேர்பெச்சுவா அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. இந்தக் கட்டிடத்தில் யார் தும்மினாலும் ஜலதோஷமா, அலர்ஜியா என்று தன் வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்பவள்.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?”

“அக்கா... இவர் அசையவே மாட்டேங்கறார்!”

“மாதாவே! மூச்சு வருதோ பாரும்!”

நிருபமா விரலை அவன் மூக்கருகே கொண்டு போனாள்.

மெல்ல... மிக மெல்ல...

“கொர்ர்ர்ர்...!”

குறட்டை!

நிம்மதி வந்த வேகத்திலேயே ஆத்திரமும் வந்தது. பூட்ஸைத் தரையில் வீசினாள். போனைத் துண்டித்தாள்.

“நான் அங்க அந்த பிளிட்ஸோட செத்துக்கிட்டிருக்கேன். இவர் பட்டப்பகல்ல ஆபீஸ் கால்ல தூங்கறார்!”

பிளிட்ஸ் என்றால் மின்னல். மகள் அம்பிகாவின் மட்டக்குதிரை. ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் வாசம். பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி.

“இண்டைக்கும் உதைச்சதோ?”

“உதைச்சதா? வேலியையே தாண்டிடுச்சு அக்கா! அம்பிகா கீழ விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். லாயக்காரி க்ரவுஸா கடைசியா சொல்லிட்டா. சனிக்கிழமைக்குள்ள அடங்கலைன்னா பிளிட்ஸ் வித்தவன்கிட்டயே திரும்பிப் போயிடுமாம். அம்பிகா ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழறா.”

“குதிரை அடங்க ஏதோ குடுக்கிறனீங்கள் எல்லோ?”

“பொடி அக்கா. மூலிகையும் மக்னீசியமும். தீவனத்துல கலந்து வைக்கறது. மத்த குதிரையெல்லாம் அதைத் தின்னுட்டுத் தியானம் பண்ணுது. இதுக்கு ஒரு ஸ்பூன் வெச்சோம்... துள்ளுச்சு. க்ரவுஸா ரெண்டு வைக்கச் சொன்னா. வெச்சோம்... வேலி தாண்டிடுச்சு!”

அக்காவின் கண்கள் சுருங்கின.

“ஆரோ செய்யினம், பிள்ளை.”

“என்னது?”

“உம்மட மகளோடை போட்டிக்கு ஓடுற பெட்டைப்பிள்ளை ஒண்டு இருக்கெல்லோ. அதின்ரை தாய்க்காரி தீவனத்திலை என்னவோ கலக்கிறாள். பொலிசுக்குப் போன் அடிக்கட்டோ?”

“தீவனத்தை அம்பிகாவே கலந்து, அது திங்கற வரைக்கும் பக்கத்துல நிக்கறா. பொடி இந்த வீட்லருந்துதான் போகுது. யார் வந்து கலப்பா?”

அக்காவுக்கு ஏமாற்றம். நல்ல குற்றவாளி ஒருத்தி கைநழுவிப் போனாளே! பார்வை அடுத்து சிவராமன் மேல் விழுந்தது.

“இந்த மனுசனுக்கு என்ன வருத்தம்?”

“மூணு வாரமா இப்படித்தான். தூக்கம். கோபமே வரமாட்டேங்குது.”

“கோபம் வரேல்லையோ? சிவராமனுக்கோ?” அக்கா நெஞ்சில் கை வைத்தாள். “அதுதானே, என்ரை வீட்டு லைட்டு ஆடாமல் நிண்டது!”

“க்ரவுஸாகிட்ட போய் நல்லா நாலு சத்தம் போடுங்கன்னேன். ‘பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ’ங்கறார்! உப்பு கம்மின்னா வீட்டையே இடிப்பார். வேணுங்கறப்ப கத்தமாட்டேங்கறாரே அக்கா!”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். கொஞ்சம் ஆசையோடு.

“வேறை பொம்பிளை ஆரும்...?”

“அக்கா!”

“கோவிக்காதையும். ஆம்பிளையள் திடீரெண்டு நல்லவராகினால் நான் முதல் அதைத்தான் நினைக்கிறனான். சரி, இண்டைக்கு என்ன குடிச்சவர்?”

“எப்பவும் போல சுக்கு காபி. மாமியார் மதுரையிலருந்து அனுப்பின பொடி. ‘அம்மா இந்தத் தடவை ஏதோ மூலிகை சேர்த்திருக்காங்க, மனசே லேசாகுது’ன்னு பாராட்டு வேற!”

பேர்பெச்சுவா அக்கா எழுந்தாள்.

அலமாரியைத் திறந்தாள்.

வரிசையாகப் பழைய காபி பாட்டில்கள். எல்லாம் ஒரே அளவு. கடையிலிருந்து வந்த எந்தப் பொருளும் வந்த பாக்கெட்டிலேயே இருப்பது இந்த வீட்டில் குற்றம். சிவராமன் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஊரார் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன். சமையலறைக்கும் அவன்தான் சிஸ்டம் போட்டிருந்தான். பெயர் எழுதி ஒட்டினால் அசிங்கமாம். மூடி நிறம் போதுமாம்.

“சிவப்பு மூடி சுக்கு. ஆரஞ்சு மூடி குதிரை” என்றாள் நிருபமா.

அக்கா ஆரஞ்சு மூடியைத் திருகினாள். மூக்கை உள்ளே விட்டாள்.

“ஹச்ச்ச்...! ஹச்ச்ச்...!”

“என்னக்கா?”

“பிள்ளை! இது சுக்கு! மிளகு! மல்லி! உமக்கு மணக்கேல்லையோ?”

“எனக்கு மகரந்த அலர்ஜி அக்கா... மூக்கு அடைச்சு ஒரு மாசமாச்சு...”

அக்கா சிவப்பு மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள்.

வைக்கோல் வாசம்!

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அப்ப... பிளிட்ஸுக்கு?”

“சுக்குக் கோப்பி!”

“இவருக்கு?”

“குதிரைப் பொடி!”

மேஜையிலிருந்து அதை ஆமோதிப்பது போல ஒரு குறட்டை!

“மூடியை மாத்தினது ஆர்?”

நிருபமா பல்லைக் கடித்தாள். “ஞாயித்துக்கிழமை மூடியெல்லாம் கழட்டிக் கழுவி மாட்டறது இவரோட வேலை. என்னைத் தொடவே விடமாட்டார். எனக்குச் சிஸ்டம் புரியாதாம்!”

சனிக்கிழமை.

சுக்கு நின்று, சரியான பொடி உள்ளே போன பிளிட்ஸ், அம்பிகாவைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தது. காதில் ஈ உட்கார்ந்தது. தலையை லேசாக ஆட்டியது. அவ்வளவுதான்!

க்ரவுஸா உதட்டைப் பிதுக்கினாள். “சரி. இங்கேயே இருக்கட்டும்.”

அம்பிகா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மறுத்தாள்.

சிவராமனும் வந்திருந்தான். அவனுக்கும் பொடி நின்றிருந்தது.

“எவன் என் மூடியைத் தொட்டது? நான் மாத்தி மாட்டுவேனா? வீட்ல ஒரு ஒழுங்கு வேணாமா...!”

லாயத்துக் குதிரைகள் அத்தனையும் மிரண்டு காலைத் தூக்கின. பிளிட்ஸ் மட்டும் அவனை இரக்கத்தோடு பார்த்தது.

வீடு திரும்பியதும் நிருபமா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தீவனக் கடைக்குப் போன் போட்டாள். அரைகுறை ஜெர்மன்.

“அந்த அமைதிப் பொடி... இன்னும் ரெண்டு டப்பா வேணும்.”

“இன்னொரு குதிரையா மேடம்? எடை சொன்னால் அளவு சொல்வேன்.”

ஹாலில் டிவி ரிமோட்டைக் காணோமென்று யாரோ வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுபத்தெட்டு கிலோ.”

மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம். “...அவ்வளவு சின்னதா? எந்த ஊர்க் குதிரை?”

“மதுரை. கண்ணாடி போட்டிருக்கும்.”

கதவு ஓசையில்லாமல் திறந்தது. பேர்பெச்சுவா அக்கா தலையை நீட்டினாள்.

“மூண்டு டப்பாவாச் சொல்லும், பிள்ளை... எங்கட வீட்டிலையும் ஒண்டு நிக்குது. தொண்ணூறு கிலோ!”