ராகுகாலத்தில் பார்த்த வீடு

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வீடு பார்க்க டெர்மின்; ஜெர்மனியில் நேரம் குறித்துத் தந்தால்தான் எதுவும். சிவானுஜா பதினொன்றரைக்கே வந்துவிட்டாள். ஆனால் அழைப்புமணியை அழுத்தவில்லை. பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம், வாசலைத் தாண்டவே கூடாது என்று அம்மா பவளம் போனில் சத்தியம் வாங்கியிருந்தாள். டோர்ட்மண்ட் புறநகர் மழைக்கு அதெல்லாம் தெரியுமா... விடாமல் கொட்டியது.

வாசல் கூரையின் கீழ் ஏற்கெனவே ஒருவன் நின்றான். அடிக்கடி நேரம் பார்த்தான். அவனும் மணியை அழுத்தவில்லை.

"நீங்களும்... பன்னிரண்டுக்குத்தானோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம். அம்மா."

"எனக்கும் அம்மாதான்."

சிரிக்கும்போது அவன் கண்களும் சேர்ந்து சிரித்தன. சே, என்ன கண்கள் அவை...

பெயர் பிருந்தன். இந்தக் கட்டிடத்தின் லிப்டைப் பராமரிப்பவன். போன் நம்பர் போட்ட கார்ட் ஒன்றை நீட்டினான். "லிப்ட் நிண்டா போன் எடுங்கோ."

"வீடு எனக்குக் கிடைச்சாத்தானே?"

"ஏன், எனக்குக் கிடைக்காதோ?"

அடப்பாவி, போட்டிக்கு வந்தவனா! சிரிப்பைச் சட்டென்று விழுங்கிக்கொண்டாள்.

பதினைந்து நிமிடம் பிந்தி இருவரும் ஒன்றாக நுழைய, வீட்டுக்காரி கெல்லர் அம்மையார் மணிக்கூட்டைக் காட்டி முறைத்தார். விசாலமான நான்கு அறைகள், கீழே மருந்துக்கடை, மூன்று நிமிட நடையில் ரயில் நிலையம். எல்லாவற்றுக்கும் மேலாக, லிப்ட். இப்போது இருக்கும், அது இல்லாத நான்காம் மாடி வீட்டில், முழங்கால் போன அம்மா ஆறு மாதமாகத் தெருவையே மிதிக்கவில்லை. இந்த வீடு கிடைத்தே ஆகவேண்டும்.

குசினியிலிருந்து குளியலறைவரை அம்மாவைப் போலவே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள்.

"காலிலை நோவோ?" பிருந்தன் பதறினான்.

"எனக்கில்லை. அம்மாவுக்கு."

கவனித்துக்கொண்டிருந்த அம்மையாருக்கும் அதையே ஜெர்மன் மொழியில் சொன்னாள். பிருந்தனின் பார்வை வெளியே லிப்ட் கதவுக்குப் போனது.

திங்களன்று அம்மையார் அழைத்தார். கடைசிவரை மிஞ்சிய இருவரில் அந்த இளைஞர் விலகிவிட்டாராம். துள்ளிக் குதிக்க வேண்டியவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கார்ட்டைத் தேடி எடுத்தாள்.

"என்னிலை பாவம் பாத்தனீங்களோ? விட்டுத்தாற வீடு எனக்கு வேண்டாம். திரும்பப் போட்டியிலை நில்லுங்கோ."

"நிண்டா நான் வெண்டிடுவன்..."

"வெண்டு காட்டுங்கோ, பாப்பம்."

அம்மையாரிடம் சொல்லி மீண்டும் நின்றான். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீறாப்புப் பேசி அம்மாவின் வீட்டைத் தொலைத்துவிட்டேனா? வியாழக்கிழமை போன் வந்தது.

"எல்லாரும் வீட்டைப் பார்த்தார்கள்," என்றார் அம்மையார். "இங்கே வாழப்போகிறவரின் காலால் நடந்து பார்த்தது நீங்கள் ஒருத்திதான். வீடு உங்களுக்கு."

வென்றுவிட்டாள். யார் தயவும் இல்லாமல், நெஞ்சை நிமிர்த்தி வென்றுவிட்டாள்.

பால் காய்ச்சியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். லிப்ட் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தி மேலே வந்தாள் பவளம். காலை ஒன்பதுக்கு வரும்படி அவள் அழைத்திருந்த பிருந்தனை மட்டும் காணவில்லை. பதினொன்றே முக்காலுக்கு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால்... மழையில், அதே கூரையின் கீழ் நிற்கிறான்.

ஓடி இறங்கினாள். "ஏன் இங்கை நிக்கிறியள்?"

"வேலையாலை பிந்திட்டன். உங்களோடை ஒரு நல்ல விசயம் கதைக்கவேணும்... ராகுகாலத்திலை தொடங்க ஏலாது."

கைபேசியில் நேரம் பார்த்தாள். இன்னும் கால்மணித்தியாலமா? முடியாது.

"அப்ப நான் தொடங்குறன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, பிருந்தன். ராகுகாலத்திலைதானே உங்களைக் கண்டனான்... அதைவிட நல்ல நேரம் எனக்கு வரேல்லை."

அவன் கண்கள் முதலில் சிரித்தன. "இதிலையும் நீங்கள்தான் வெண்டிட்டியள்."

அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வாசலைத் தாண்டும்போது மணி பதினொன்று ஐம்பது.