பசிக்காத தட்டு

கதவைத் தட்டாமலேயே துப்பறிவாளரின் அறைக்குள் வந்தார் அறுவை மருத்துவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாளைக்குக் காலையில ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். வெந்நீர் கொட்டி முதுகு பூரா வெந்துபோச்சு. அவளோட தோல்லயே துளி எடுத்து ஆய்வகத்துல வளர்த்தோம். இன்னிக்குக் காலையில 'செத்துப்போச்சு'ன்னு சொல்றாங்க. மறுபடி வளர்க்கற வரைக்கும் அவ தாங்கமாட்டா. நல்லா வளர்ந்தது திடீர்னு எப்படிச் செத்துச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். யாராவது அவசரம் என்றால் அவர் செய்யும் முதல் வேலை அதுதான். அவருடைய மைத்துனனோ அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"திருட்டுதான் அத்தான்! சந்தேகமே இல்ல."

"என்ன காணாமப் போச்சுன்னு முதல்ல பார்ப்போம், வாய்யா."

மருத்துவர் அவர்களை அழைத்துப்போன மருத்துவமனை ஆய்வகத்தில் இருவர்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் தலைவர். மற்றவள் தட்டுகளைப் பராமரிக்கும் பெண். அவளுக்கு அங்கே 'செவிலித்தாய்' என்று கேலிப்பெயர். உடல்சூட்டில் வைத்திருந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் முதலாவதைத் திறந்து, செத்துப்போன தட்டை அவள் காட்டினாள். உள்ளே ரோஸ் நிறத் தண்ணீர், கலங்கல்கூட இல்லை.

"இதுதான் செல்களுக்குச் சாப்பாடு," என்றார் தலைவர். "ஊத்தும்போது ரோஸ். தின்னுத் தின்னுக் கழிவை விட்டா மஞ்சளாயிடும். உடனே மாத்தணும்."

"இதுக்கு எப்ப மாத்தினீங்கம்மா?"

"முந்தாநாள் சார். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா தோல் கரைஞ்சு போச்சு."

மைத்துனன் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். "பூட்டு உடையல, தரையில மண் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்று அலுத்துக்கொண்டான்.

துப்பறிவாளர் இரண்டாவது பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என் பழைய ஆராய்ச்சி," என்றார் தலைவர். "தூக்கிப் போடவேண்டியது. ஒரு வாரமா யாரும் தொடல."

துப்பறிவாளர் அங்கேயே வெகுநேரம் நின்றார். குழந்தையின் அம்மா வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். அவளையும் உள்ளே அழைத்தார்.

"உயிர் இருந்தா பசிக்கும். பசிச்சா தின்னும், தின்னா மஞ்சள். முந்தாநாள்லேருந்து நேத்து ராத்திரி வரைக்கும் தோல் உயிரோட இருந்த தட்டு எப்படி இன்னும் ரோஸா இருக்கு? இதுல எதுவும் சாகல. எதுவுமே வாழவும் இல்ல. வெறும் தட்டு."

"அப்ப தோல் எங்க அத்தான்?"

"யாரும் தொடாத பெட்டியில எல்லாத் தட்டும் மஞ்சள். ஒண்ணு மட்டும் பளிச்சுனு ரோஸ். ஒளிச்சு வச்சவங்களுக்கு அதைப் பட்டினி போட மனசு வரல."

அந்தத் தட்டைத் தூக்கிப் பார்த்தான் மைத்துனன். அடியில் குழந்தையின் பெயர் இருந்தது.

செவிலித்தாய் உடைந்துபோனாள். "பாதியை அறுத்துத் தன்னோட ஆராய்ச்சிக்குத் தரச் சொன்னார் இவர். அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னார். அதான் செத்துப்போச்சுன்னு சொல்லி ஒளிச்சு வச்சேன் சார். நாளைக்குக் காலையில நேரா டாக்டர் கையில கொடுத்துடலாம்னு இருந்தேன்."

தலைவர் முகம் சிவந்தது. "மிச்சத்தைத்தானே கேட்டேன்! எத்தனை பேருக்கு உதவும் தெரியுமா?"

"மிச்சமா இல்லையான்னு முதுகு மூடினப்புறம்தானே தெரியும்?" என்றார் மருத்துவர்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே சார். என் பொண்ணு பட்ட பாடு இன்னொரு பிள்ளை படக்கூடாதுன்னு கொடுத்திருப்பேன்." பிறகு செவிலித்தாயிடம் திரும்பினாள். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? காலையிலேருந்து நான் செத்துப் பிழைச்சேன்."

மைத்துனன் தட்டை இரு கையாலும் ஏந்தி மருத்துவரிடம் கொண்டுவந்தான்.

மருத்துவர் தட்டை வாங்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கட்டுமா அம்மா?"