பதினோரு மாதம் கழித்து ஒரு துட்டி

“ஏம்மா, அப்பா நட்சத்திரத்துல யாருமே அழ மாட்டாவளா?”

தாய்மாமன் மணிமுத்துவின் உடலைக் கிடத்தியிருந்த கூடத்தில் ஆறு வயது சுகந்தி கேட்ட கேள்வி அது. துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்திருந்தவர்கள் எல்லோரும் அவள் அப்பா ஆதித்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரோ வறண்ட கண்களோடு காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

வேற்றுக் கிரகத்து விண்கப்பலில் அதிகாரியாக இருந்தவர் ஆதித்தன். கப்பல் அவரை விட்டுப் போனபோது, பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் மணிமுத்துதான் வீட்டுக்கு அழைத்து வந்து, பெயர் வைத்து, தங்கை காளீஸ்வரியையும் கட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்ட மச்சானுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாதா? காளீஸ்வரிக்கு ஆறவில்லை. துக்கத்தில் கிடந்த அவளுக்குப் பதினாறு நாளும் சோறு ஊட்டியவர் ஆதித்தன்தான். ஆனாலும் பதினாறாம் நாள் விசேஷத்தன்று சொந்தபந்தம் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

“கல்லுகூட வேர்க்கும். நீங்க இங்கன இருக்க வேண்டாம்.”

அவர் குற்றாலத்துக்குப் போய் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் ஆனார்.

இன்று காலை, பள்ளிக்கூடத்தில் ஆதார் அட்டை கேட்டதை நேற்றே சொன்னேன் என்று சுகந்தி சிணுங்க, காளீஸ்வரி எரிந்து விழுந்துகொண்டே பீரோவைக் கலைத்தாள். அடியில் ஒரு கோப்பு கிடந்தது. கப்பல் மருத்துவர் எழுதியதைத் தமிழில் எழுதி, கல்யாணத்தன்று ஆதித்தன் கொடுத்தது. ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தார். அவள் பிரிக்கவே இல்லை.

‘அதிகாரிக்கு அரிய மனக்கோளாறு. துக்கம் உடனே வராது. பதினோரு மாதம் கழித்து மொத்தமாக வரும். தாய் இறந்தபின் அப்படி வந்த நாளில் அருகில் யாருமில்லை. அவர் உயிர் பிழைத்ததே பெரிது. தனியே விடக்கூடாது.’

அண்ணன் போனது பங்குனி எட்டு. காலண்டரில் மாசி எட்டு.

“குற்றாலநாதா...” என்று முனகியபடியே சோறு வடித்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். மகளைப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் விட்டாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை.

சீசன் இல்லாத குற்றாலத்தில் லாட்ஜ் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேன் அறையின் வெறுந்தரையில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“காளி... மச்சான் இனிமே வரவே மாட்டாவளா?”

“மாட்டாவ. நான் துட்டி கேக்க வந்திருக்கேன்.”

எதிரே உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்தாள். அவர் கதறினார். தன் தப்பைச் சொல்லி அழ வேண்டும்போல் அவளுக்கும் இருந்தது. ஆனால் இன்றைய அழுகை அவருடையது. மன்னிப்பு நாளைக்குக் கேட்கலாம். இன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எழுந்து கதவைச் சாத்தினாள். தூக்குவாளியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையை அவர் வாயருகே நீட்டிக் காத்திருந்தாள்.