போணிக்கு ரெண்டு கிலோ பல்லாரி

"நில்லுங்க! போணிங்க... போணி!"

தீபலட்சுமி போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நிற்க வேண்டியவன் நிற்கவில்லை. மழைக்குப் பையைத் தலைமேல் பிடித்தபடி ஓடி, நகரத் தொடங்கிய திருச்சுழி பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்கள்... செய்வதையும் செய்துவிட்டு, பாலுக்கு அழும் பிள்ளை மாதிரி விழித்தன.

அப்போதுதான் அவள் கடை வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு நிமிர்ந்திருந்தாள். முதல் ஆளாக வந்து நின்றான். "ரெண்டு கிலோ பல்லாரி... எல்லாம் ஒரே அளவா இருக்கணும்" என்றான். பெரிய வெங்காயக் குவியலைக் கிளறினான், ஒவ்வொன்றாய் உருட்டினான், முகர்ந்தும் பார்த்தான். தட்டில் பாதி சேர்வதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்வார்கள். அன்றைய முதல் வியாபாரம் போணி. போணிக்கு வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்றைக்குக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவளுடைய அப்பா அருஞ்சுனை இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். போணி நேரத்தில் பேரம் கிடையாது, கடன் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. சரக்கு சுத்தமாய்த் தீர்ந்திருந்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார். அவர் வாயிலிருந்து 'இல்லை' மட்டும் வராது.

அன்று முழுக்க மழை. வானம் பார்த்த பூமியில் மழை பெய்தால் யார் வெங்காயம் வாங்க வருவார்கள்? ஆளாளுக்கு உழவுக்காகக் காட்டைப் பார்த்து ஓடிவிட்டார்கள். இது தீபாவுக்கும் தெரியும். ஆனாலும் பழிபோட ஒரு ஆள் கிடைத்துவிட்டானே... விடுவாளா?

மறுநாள் காலையில் அவனே வந்தான்.

"நேத்து..."

"நேத்து நீங்க போணியைக் கெடுத்துட்டுப் போனதுல ஒரு ஈ காக்கா வரல. தெரியுமா?"

"ஊருக்கே மழைங்க..."

"மழை வேற, போணி வேற."

அவன் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சரிங்க. இன்னைக்கு போணி என் கையாலதான். ரெண்டு கிலோ" என்று மறுபடியும் உருட்ட ஆரம்பித்தான்.

"என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல உருட்டி உருட்டிப் பாக்குறீக! என்ன வேலை பாக்குறீக?"

"திருச்சுழி தாலுகா ஆபீஸ்ல சர்வேயர். பேரு அரவிந்த்குமார்."

"அதான பாத்தேன்! நெலத்தை அளந்த கை சும்மா இருக்குமா?"

இந்த முறை சிரித்தேவிட்டான். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது... ஐயோ, இதையெல்லாம் நாம் எதற்குக் கவனிக்கிறோம் என்று அவசரமாகத் தராசைப் பார்த்தாள்.

"ஒரே அளவா இருந்தாத்தான் ஒண்ணு போல வதங்குமாம். சூப்புக்கு."

"பல்லாரியில சூப்பா?"

"பிரெஞ்சு வெங்காய சூப்பு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். அவன் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கெட்டியாய் எதுவும் இறங்காது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, செல்போனில் ஓடிய சமையல் வீடியோவைப் பார்த்து, கம்மிய குரலில் கேட்டாளாம். வெங்காயம் உருகி, பொன்னிறமாகி, மேலே ரொட்டி மிதக்க, அதன் மேல் சீஸ் வழிய... 'எனக்கு அது வேணும்டா.' ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

தீபாவுக்கு அதற்கப்புறம் சண்டை போட மனம் வரவில்லை. நன்றாய்க் காய்ந்து, தோல் சலசலக்கும் பழைய பல்லாரியாய்ப் பார்த்து அவளே பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. "அந்தத் தம்பிக்குக் கைராசி இருக்குடா" என்றார் அருஞ்சுனை. அவ்வளவுதான்... அவன் தினமும் போணிக்கு வரலானான். ஒரு நாள் ரெண்டு கிலோ, ஒரு நாள் அரைக் கிலோ, வீட்டில் நிறையக் கிடக்கும் நாளில் ஒரே ஒரு பல்லாரி. கூடவே தோல்விச் செய்தியும் வரும்.

"நேத்தும் கருகிப் போச்சு."

"அடுப்பை எரியவிட்டு எங்க பாத்துக்கிட்டு இருந்தீக?"

அவன் அவளையே பார்ப்பான். அவளுக்குக் காது மடல் சூடாகும்.

"அதுல ஒயின் வேற ஊத்துறாங்க. அதுக்கு என்ன பண்றது?"

"அதுக்காக ஒயின் ஷாப்புல போய் நிக்காதீக! திராட்சைச் சாறுல எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு ஊத்துங்க."

பஸ் வரும். அவன் ஓடுவான். பஸ் போன பிறகும் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தராசில் ஏறிய வெங்காயம் அப்படியே கிடக்கும்.

இதற்குத்தானா கண் பட வேண்டும்? ஒரு நாள் காலையில் அருஞ்சுனை வாய் நிறையச் சிரிப்போடு அவனிடமே சொன்னார். "விருதுநகர்ல இருந்து நம்ம பாப்பாவைப் பொண்ணு பாக்க வாராக தம்பி. பெரிய மளிகைக் கடை. எல்லாம் உங்க கைராசிதான்!"

அரவிந்த் சிரிக்க முயன்றான். "ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி" என்றான். தீபா அவன் முகத்தையே பார்த்தாள். ஏதாவது சொல்லேன்... ஒரு வார்த்தை... அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

திருச்சுழி பஸ் மட்டும் தவறாமல் வந்தது. முந்தின ஸ்டாப்பிலேயே ஏறிவிட்டிருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கடை இருக்கிற பக்கம் பார்க்காமல், எதிர்ப்பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஈரக் கண்ணாடிக்குள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது.  வராவிட்டால் போகட்டும், நானா போய்க் கூப்பிடுவேன் என்று வீராப்பாகச் சாம்பிராணி போட்டாள். ஆனால் பஸ் வருகிற நேரம் மட்டும் கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. யார் யாரோ வந்து போணி செய்தார்கள். யாரும் பல்லாரியை உருட்டிப் பார்க்கவில்லை. அடுக்கிவைத்த குவியல் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாடா... வந்து கலைத்துப் போடு...

அவன் வரவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் அம்மா வந்தாள்.

"நீதான தீபா?" குரல் காற்றாய்த்தான் வந்தது. "நான் அரவிந்தோட அம்மா, சௌடேஸ்வரி. இப்பல்லாம் எங்கயோ போய் அழுகலும் மொளைச்சதுமா வாங்கிட்டு வாரான். கேட்டா, உர்ர்ருங்கான். கரிச்ச வெங்காயத்தைக் குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப் போச்சு. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை அவனுக்குக் காட்டிக் குடும்மா."

தீபா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "முடியாதவுக கேக்குறாக. பல்லாரி எடுத்துட்டுப் போய்ட்டு வா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தறிச் சத்தம் ஓய்ந்திருந்த தெரு. கதவைத் திறந்த அரவிந்த் அவளைப் பார்த்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வழி விட்டீகன்னா உள்ள வருவேன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வாங்க, வாங்க" என்று தடுமாறி வழி விட்டான்.

"நல்லா இருக்கீகளா அம்மா?" என்று சௌடேஸ்வரியிடம் கேட்டபடி அவள் உள்ளே போனாள்.

"அம்மாங்காத தாயி" என்றாள் சௌடேஸ்வரி. "அப்புறம் அவனுக்குத் தங்கச்சி ஆயிருவ." சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அடுப்படியில் அவர்கள் இருவரும், ஒரு கூடைப் பல்லாரியும் மட்டும் மிச்சம்.

நறுக்க நறுக்க அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாய்க் கொட்டியது. அவளுக்கு ஒரு சொட்டு இல்லை. பல்லாரி மூட்டைமேல் தூங்கி வளர்ந்தவளுக்கு வெங்காயமா கண்ணைக் கலக்கும்?

அடிகனமான சட்டியில் வெண்ணெய் உருகியது. வெங்காயத்தைப் போட்டு ஒரு சிட்டிகை உப்பைத் தூவினாள். கொஞ்ச நேரம் கூட ஆகவில்லை, அவன் கை அடுப்பின் திருகுக்குப் போனது. கரண்டிக் காம்பால் ஒன்று போட்டாள்.

"விடுங்க. இப்படித்தான் தெனமும் கருக விட்டீகளா? சின்னத் தீயில கிடக்கட்டும். அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப வதங்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்க முடியாதா?"

"நீங்க நின்னா நிப்பேன்."

அவள் சட்டியைக் கிண்டினாள். வெளுத்துக் கிடந்த வெங்காயம் மெல்லத் துவண்டு நெய் நிறமானது. வெளியே தூறல் பிடித்தது. இருவரும் ஒரே கரண்டியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். விரல் படக்கூடாது என்று இருவருமே கவனமாக இருந்தார்கள்... அவ்வளவு கவனமாக இருந்தால் படாமல் இருக்குமா?

"ஏன் வரல?" என்றாள் திடீரென்று.

"விருதுநகர்ல இருந்து வாராகன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? முத நாளும் அப்படித்தான். உருட்டி உருட்டிப் பாத்துட்டு, வாங்காம பஸ் ஏறிட்டீக." குரல் உடைந்துவிடப் பார்த்தது. அவள் விடவில்லை.

அவன் தலை குனிந்தான். "நாங்க வீட்டுல கன்னடம் பேசுறவங்க, நெசவுக்காரங்க. நீங்க வேற சனம். உங்கப்பா முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் கடைப்பக்கமே வர முடியாது. தெனமும் ஒரு தடவை உங்களைப் பாக்குறதும் போயிரும்னு பயந்தேன்."

"அதுக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து போனீகளாக்கும்?"

"கழுத்து வலிக்குதுங்க" என்றான் பாவமாக.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. அதற்குள் வெங்காயம் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. வீடு முழுக்க இனிப்பாய் ஒரு வாசனை. திராட்சைச் சாறு சுர்ரென்று இறங்கியது. ஆட்டு நெஞ்செலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றி, கற்பூரவல்லி இலை ரெண்டைக் கிள்ளிப் போட்டாள். தோசைக்கல்லில் ரொட்டியை முறுகவிட்டு, பேக்கரியில் வாங்கிய சீஸை மேலே வைத்து மூடினான் அவன்.

கட்டிலில் சாய்ந்திருந்த சௌடேஸ்வரி, சூப்பில் ஊறிய ரொட்டியோடு ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மெதுவாய் விழுங்கினாள். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியானதும் மகனிடம் கன்னடத்தில் என்னவோ சொன்னாள்.

"என்ன சொன்னாக?" என்றாள் தீபா.

"உப்பு சரியா இருக்காம்" என்றான் அவன், சிவந்து போய்.

"பொய் சொல்றான்மா" என்றது அந்தக் காற்றுக் குரல். "இவளை விட்டுறாதடான்னேன்."

வாசல் வரை கூடவே வந்தான் அரவிந்த். தூறலில் குடையை விரித்துக் கொடுத்தான். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"தீபா... எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு. உன் கடை வாசல்லதான் எனக்கு விடியுது."

எத்தனை நாளாய்க் காத்துக் கிடந்த சொல்!  குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "எங்கப்பா போணி நேரத்துல யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கெடையாது" என்றாள். சொல்லிவிட்டு மழையில் விடுவிடுவென நடந்தாள்.

மறுநாள் சாம்பிராணிப் புகை அடங்கும் முன்பே அவன் வந்து நின்றான்.

"அட, வாங்க தம்பி! எங்க ஆளையே காணோம்? எவ்வளவு போடட்டும்?" என்றார் அருஞ்சுனை, தராசுத் தட்டைத் துடைத்தபடி.

"அண்..." அத்தனை நாளும் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் திணறியது. பெண் கேட்க வந்தவன் எப்படி அண்ணாச்சி என்பது? "ஐயா... தீபாவை எனக்குக் கட்டிக் குடுங்க."

திருச்சுழி பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. அவன் ஓடவில்லை. பஸ் போய்விட்டது.

அருஞ்சுனை சாமி படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "போணி நேரம் பாத்து வரச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?"

மகள் சட்டென்று குனிந்து, சிந்தாத வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அருஞ்சுனை துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "நாளைக்கு வாங்க" என்றார் அவர்.

தீபா நிமிர்ந்து பார்த்தாள். சரக்கு இல்லாத நாளில் அப்பா சொல்லும் வார்த்தை அல்லவா அது! அவனுக்கும் தெரிந்திருந்தது. முகம் செத்துப்போய்த் திரும்பினான்.

"தம்பி, நில்லுங்க. நான் பேசி முடிக்கல. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. கடைக்கு வேணாம்... வீட்டுக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாதிசனம் நாலு பேசத்தான் செய்யும். பஸ்ஸு போனப்புறமும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற பிள்ளையை, பெத்தவன் எத்தனை நாளைக்குப் பாக்காத மாதிரி இருக்குறது? விருதுநகர்க்காரவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன். இப்பப் போணியைக் கெடுத்துட்டுப் போயிராதீக. ஏம்மா, ரெண்டு கிலோ போடு!"

தீபா தட்டில் பல்லாரியை அள்ளி அள்ளி வைத்தாள். எவ்வளவு என்று பார்க்க முடியவில்லை. தராசு எண்கள் கலங்கித் தெரிந்தன. அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"என்ன தீபா... பல்லாரி கண்ணைக் காந்துதா?"

"ஆமா" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமலே. "இன்னைக்குத்தான்... மொதத் தடவையா."