மூன்றாவது மின்னல் வரவில்லை

பளிச்!

யாரும் தொடவில்லை. கேமரா மேசைமேல் கிடந்தது. அவள் கையில் இருந்ததோ கிண்ணம் துடைக்கிற துணி. ஆனாலும் மூலையில் வெள்ளைக் குடைக்குக் கீழே நின்ற ஃப்ளாஷ் தன்பாட்டுக்கு மின்னியது.

"யா... யாரு?"

ஆளில்லாத அறையில் ஃப்ளாஷைப் பார்த்து 'யாரு' என்று கேட்ட முதல் பெண் அவளாகத்தான் இருக்கும். பதிலும் வந்தது. பளிச்! கூடவே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்... கிலுகிலு... கிலுகிலு...

கிலுகிலுப்பை ஆட்டுகிற பேயை அவள் கேள்விப்பட்டதில்லை. பயம் போய்க் கோபம் வந்தது. பீங்கான் கம்பெனியின் கிண்ணங்களைப் படம் பிடிக்க இந்த மூன்றாம் மாடி அறையை வாடகைக்கு எடுத்து அன்றுதான் முதல் நாள். அதற்குள் இது என்ன கூத்து? விறுவிறுவென்று வெளியே போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. வளர்த்தியான ஒருவன். கையில் சிவப்புக் கிலுகிலுப்பை, தோளில் துணி முயல், கழுத்தில் கேமரா. அவன் முதுகுக்குப் பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, எச்சில் வழிய அவளைப் பார்த்துச் சிரித்தது. அவன் வாய் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன... அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"என் ஃப்ளாஷை எதுக்குங்க அடிக்கிறீங்க?"

"நான் யாரையும் அடிக்கலைங்களே... இந்தக் குழந்தையைக்கூட."

மெத்தை ஓரத்தில் இருந்த குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் தன் அறைக்குப் போய், தன் கேமராமேல் இருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினாள். அவன் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தான். அச்சு அசல் ஒன்றே. அதே தீப்பெட்டி அளவு, அதே சிவப்புப் புள்ளி, அதே மலிவு விலை ட்ரிக்கர்.

"அட! நம்ம ரெண்டு பேர் பட்ஜெட்டும் ஒண்ணுதான் போலிருக்கு."

விஷயம் இவ்வளவுதான். கேமராமேல் உட்கார்ந்திருக்கிற பெட்டி, ஃப்ளாஷுக்குக் கீழே இருக்கிற இன்னொரு பெட்டிக்கு ரேடியோவில் 'மின்னு' என்று சொல்லும். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டியும் ஒரே சேனலில்தான் பேசும். வாங்கினவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். இவளும் மாற்றவில்லை, அவனும் மாற்றவில்லை. அட்டை மாதிரி ஒரு சுவர்தான் நடுவில். அவன் குழந்தையை எடுத்தால் இவள் கிண்ணத்துக்கும் சேர்த்து வெளிச்சம். மின்னிய ஃப்ளாஷ் மறுபடி தயாராவதற்குள் இவள் அமுக்கினால் படம் முழுக்க இருட்டு.

"நீங்க சேனலை மாத்திக்குங்க," என்றாள்.

"நான் ஏன் மாத்தணும்? நான்தான் முதல்ல வந்தவன்."

"என்கிட்ட இருக்கிறது உடையற சாமான்."

"என்கிட்ட இருக்கிறது அழற சாமான்."

குழந்தையின் அம்மா இந்தத் தடவை வாய்விட்டே சிரித்துவிட்டாள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் அவன்தான் ஒரு வழி சொன்னான். படம் எடுக்கப் போகிறவர் சுவரில் ஒரு தட்டு தட்ட வேண்டும். முடித்ததும் இரண்டு தட்டு. அதுவரைக்கும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

சண்டையில் ஆரம்பித்தது இப்படித்தான் சுவர்த் தட்டலாக மாறியது.

நாள் போகப் போக அவளுக்கு அந்தச் சுவர் பழகிவிட்டது. டொக்... அவன் முறை. கிலுகிலு... "இங்க பாரு செல்லம், இங்க பாரு..." டொக் டொக். இப்போது அவள் முறை. அவன் குழந்தைகளைக் கெஞ்சுகிற அழகைக் கேட்டுக்கொண்டே கிண்ணம் துடைத்தாள். சில சமயம் துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு சங்கதி. அவள் ஃப்ளாஷ் தானாக மூன்று முறை மின்னும். கீழே டீக் கடைக்கு வாங்க என்று அர்த்தம். ஒரு நாள் இரண்டு முறைதான் மின்னியது. படியிறங்கி வந்தவள் கேட்டாள்.

"என்ன, இன்னிக்கு ரெண்டுதான் வந்துச்சு?"

"மூணுதாங்க அடிச்சேன். ஒண்ணு வழியில எங்கேயோ காணாமப் போயிடுச்சு."

"உங்க ட்ரிக்கர் லட்சணம் அப்படி."

"உங்களோடதும் அதே லட்சணம்தான்."

"எங்க அண்ணன் என் பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. அதை ஏதாவது சொன்னீங்க..."

"ஐயோ, சொல்லலைங்க! அதுக்கு ஒரு குணம் இருக்கு, அவ்வளவுதான். சும்மா விட்டா தூங்கிடும். முதல் தடவை அமுக்கினா முழிக்கும். ரெண்டாவது தடவைதான் மின்னும். அதனாலதான் நான் எப்பவும் வெறும் தரையை ஒரு படம் எடுத்துட்டு அப்புறம் ஆரம்பிப்பேன்."

"அப்போ உங்க கேமராவுல பாதி தரையாதான் இருக்கும்."

"இருந்தா என்ன? தரை நல்லா போஸ் குடுக்குது. அழறதில்ல, ஈரம் பண்றதில்ல."

டீ புரையேறியது அவளுக்கு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் ஒண்டி நின்றார்கள். அவன் முழங்கையில் பட்டுத் தெறித்த துளி அவள் கன்னத்தில் விழுந்தது... அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.

வீட்டில் அண்ணியின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"யாரு அந்தக் கிலுகிலுப்பை?"

"எந்தக் கிலுகிலுப்பை, அண்ணி?"

"சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, 'கிலுகிலு... இங்க பாரு செல்லம்'னு யாரையோ கொஞ்சினியே... தட்டையா?"

அவள் முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டாள். அண்ணி அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பீங்கான் கம்பெனி மேடம் நேரில் வருவதாகச் சொன்னதும் அவளுக்குப் படபடப்பு. "நாளைக்கு அந்தம்மா முன்னாடிதான் எடுக்கணும். பிடிச்சா வருஷம் முழுக்க அவங்க வேலை எனக்குத்தான்," என்று டீக்கடையில் அவனிடம் சொன்னாள். அவன் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். அன்று சாயங்காலம் கிளம்புமுன் அவளுக்கு ஒரு யோசனை. பாவம், அவனையும் நாளை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதா? சின்ன விஷயம்தானே... பெட்டியைத் திறந்து, நான்கு குட்டி சுவிட்சுகளில் ஒன்றை நகத்தால் தள்ளி, ஃப்ளாஷுக்குக் கீழே இருந்த பெட்டியிலும் அதையே செய்து சேனலை மாற்றிவைத்தாள். நாளை வேலை முடிந்ததும் சொல்லி அசத்த வேண்டும் என்று நினைத்தபோதே சிரிப்பு வந்தது.

மறுநாள் மேடம் வந்தார். பட்டுப்போன்ற வெள்ளையில் ஒரு டீ கெட்டில். நீல விளிம்பு. அவள் கேமராவைத் தூக்கினாள்.

பளிச்! அவள் இன்னும் அமுக்கவே இல்லை.

அவசரமாக அமுக்கினாள். இருட்டு. மறுபடி முயன்றாள். மறுபடி இருட்டு. நடுவில் பளிச், பளிச் என்று ஃப்ளாஷ் தன்னிஷ்டத்துக்கு ஆடியது. சுவருக்கு அந்தப் பக்கம் கிலுகிலு... கிலுகிலு...

"ஏம்மா, உன் லைட்டு நீ சொன்னா கேக்காதா?" என்றார் மேடம்.

அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. சேனலைத்தான் மாற்றியாகிவிட்டதே! பின்னே எப்படி? காலையில் அவள் கெட்டில் கழுவப் போயிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்காக அவனும் அதே சேனலுக்கு மாறிக்கொண்டானா? நாலு மணி மின்னல் மாதிரி இதுவும் ஒரு வேடிக்கையா? போயும் போயும் இன்றைக்கா?

வெளியே பாய்ந்தாள். அவன் கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளினாள்.

"விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா? நான் சேனல் மாத்தினா நீங்களும் பின்னாலேயே வந்துடுவீங்களா?"

"நீங்க... மாத்தினீங்களா?" அவன் முகம் மாறியது. "ஐயையோ... நான் என்ன பண்ணேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! கிலுகிலுப்பை ஆட்டிப் பிழைக்கிறவருக்கு அடுத்தவங்க வேலை எப்படிப் புரியும்?"

சொல்லிவிட்டாள். உள்ளே குழந்தையோடு ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அவன் கண்ணில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு அணைந்தது. கிலுகிலுப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"நீங்க எடுங்க. நான் ஆஃப் பண்ணிடுறேன்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

படங்கள் அருமையாக வந்தன. மேடம் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த பெட்டி சாமானை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். டொக் டொக். அந்தப் பக்கம் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நாலு மணியானால் ஃப்ளாஷையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது செத்த மாதிரி நின்றது. போயேன், எனக்கென்ன என்று மனசு வீம்பு பிடித்தது. அதே மனசு அடுத்த நிமிஷம் சுவரில் காதை வைத்தது. ஜன்னல் வெளிச்சத்திலேயே ஒப்பேற்றுகிறான் போல... அவள் ஃப்ளாஷைத் தொந்தரவு பண்ணாமல்.

மூன்றாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலில் வெளிச்சமே இல்லை. திடீரென்று அவள் மூலையில், பளிச்! அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. வேறு வழியில்லாமல் ஃப்ளாஷைப் போட்டிருக்கிறான். அதே சேனலில்தான் இன்னும் இருக்கிறான்... பளிச். பளிச். அழைப்பு இல்லை, வேலைதான். ஆனாலும் அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது.

அறைகளுக்குச் சாவி கொடுக்கிற அக்கா அப்போதுதான் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தாள்.

"பக்கத்து ரூம் இன்னிக்குக் காலி ஆகுதும்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரூம் பாத்துட்டார் தம்பி. இப்ப வந்தது கடைசிக் குழந்தையாம்."

"ஏங்க்கா?"

"உங்களுக்குத் தொந்தரவாம். எனக்கே புரியல. அன்னிக்கு முந்தின நாள் ராத்திரி சாவி குடுக்கும்போது எவ்ளோ சந்தோஷமா சொன்னாரு! 'அக்கா, நாளைக்கு அவங்களுக்குப் பெரிய வேலை. நான் சேனலை மாத்திட்டேன். சொல்லாம கொள்ளாம செஞ்சு வச்சிருக்கேன்'னு."

முந்தின நாள் ராத்திரியா?

அக்கா போனதும் பெட்டியைத் திறந்தாள். நான்கு குட்டி சுவிட்சுகள். முதலாவதைத் தள்ளினாள். அசையவில்லை. இரண்டாவது, கல். மூன்றாவது நகத்தைப் பதம் பார்த்தது. நான்காவது மட்டும் வெண்ணெயாக நகர்ந்தது; அதை மறுபடி இருந்த இடத்துக்கே தள்ளிவைத்தாள். அன்றைக்கும் அதைத்தானே தள்ளினாள்... அவன் பெட்டியும் இதே பெட்டிதானே! அவனுக்கும் அது ஒன்றுதான் அசைந்திருக்கும். ஒருவருக்கொருவர் வழிவிடுகிறோம் என்று இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் சொல்ல வந்ததை அவள்தான் கேட்கவில்லை.

நடையில் குழந்தையோடு ஒரு குடும்பம் படியிறங்கிப் போகிற சத்தம். பிறகு ஸ்டாண்டை மடக்குகிற சத்தம். போய் நேரே நிற்கக் கால் வரவில்லை. எந்த முகத்தோடு நிற்பது?

தன் ஃப்ளாஷை அணைத்தாள். கேமராவை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். அவன் கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி. அதைப் பார்த்துக்கொண்டே அமுக்கினாள்.

ஒன்றுமில்லை. அணைத்துவிட்டானோ? பைக்குள் போட்டுவிட்டானோ?

இல்லை... முதல் தடவை முழிக்கத்தானே.

மறுபடி அமுக்கினாள். கதவுக்குக் கீழே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு! உள்ளே ஸ்டாண்ட் மடக்குகிற சத்தம் நின்றது. அவள் மூச்சையும் காணோம். இன்னொரு முறை. பளிச்! கடவுளே, மூன்றாவது, இது ஒன்று மட்டும்... அமுக்கினாள்.

இருட்டு.

திரும்பவும் அமுக்கினாள். இருட்டேதான். அண்ணன் வாங்கிக் கொடுத்த அந்தப் பாழாய்ப்போன பெட்டியை உலுக்கினாள். "ஒண்ணே ஒண்ணு... ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்..." என்று அதனிடமே அழுதாள்.

கதவு திறந்திருந்தது. அவன் நிலைப்படியில் நின்றான், கையில் பாதி சுருட்டின வயர்.

"மூணாவது வரலைங்க," என்றான்.

"தெரியும்..."

"வரலைன்னா என்ன? நான் வந்துட்டேன்ல."

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்ணில் அந்தச் சிரிப்பு திரும்பியிருந்தது, கொஞ்சம் பயந்து பயந்து.

"நாலாவது சுவிட்ச்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது ஒண்ணுதான் நகருது."

"அன்னிக்கே புரிஞ்சுது. சொல்லத்தான் விடலை நீங்க. அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு."

"தப்புதான். நான் பேசினது ரொம்பத் தப்பு. உங்க கிலுகிலுப்பை சத்தம் இல்லாம எனக்கு வேலையே ஓடலை. துடைச்ச கிண்ணத்தையே துடைச்சுக்கிட்டு இருக்கேன். பாலத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்க... அவ்ளோ தூரத்துக்கு இந்த ட்ரிக்கர் எட்டாது. எனக்கு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. அவன் அசையவில்லை. வயர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அவன் குரல் தழுதழுத்தது. "ஆனா முதல் தடவைல நான் முழிக்கத்தான் செஞ்சேன்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னாள்.