தூக்கிய கட்டைவிரல்

சுபிரா வாயில் கவ்வியிருந்த, காற்று உருளையின் ரப்பர் குழலில் ஏற்கெனவே யாரோ கடித்த பல் தடம் இருந்தது. அவளுடைய பற்கள் அதில் அப்படியே பொருந்தின. அருவருப்பையும் எரிச்சலையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். எல்லாம் கஸ்பாரால் வந்த வினை. தாரேசலாமிலிருந்து விடுமுறைக்குப் பெம்பா தீவுக்கு வந்த புருஷன், கடலைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

இறங்குமுன் படகிலேயே மக்காமே கேட்டிருந்தார். கூட்டிப்போய்க் கடலடியைக் காட்டுவது அவர் தொழில்.

"ரெண்டு பேரும் பயிற்சி முடிச்சவங்கதானே? அட்டை இருக்கா?"

"வீட்ல மறந்துட்டேண்ணே. நாங்க எத்தனையோ தடவை எறங்கியிருக்கோம்," என்று வாய் கூசாமல் புளுகினான் கஸ்பார்.

"அடப்பாவி, எப்ப..." என்று அவள் முணுமுணுக்க, காலை மிதித்தான்.

"சும்மா இரு. உண்மையச் சொன்னா லீவு பூரா பாடம் நடத்துவாங்க. நேத்து போன்ல வீடியோ பாத்துட்டேன். போதும்."

அவன் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. மக்காமேயும் பழகியவர்கள்தானே என்று கைச்சாடைகளைச் சொல்லித்தராமல் விட்டுவிட்டார். ஒரு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

கீழே போகப்போக வெளிச்சம் நீலமாகிச் சாம்பலாகியது. தன் மூச்சு தலைக்குள் கரகரவென்று உரசுவதும், குமிழிகள் காதோரம் கொப்பளித்து ஏறுவதும், பவளப்பாறை இடுக்குகளில் எதுவோ அடுப்பில் போட்ட உப்பைப் போலப் படபடவென்று பொரிவதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. மக்காமே முன்னால் நீந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கஸ்பாரின் மூச்சு. வேகமாக. இன்னும் வேகமாக.

அவன் அவள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். 

போவா! சுவாஹிலியில் ‘ஜோர்’ என்று ஊரில் தெருவுக்குத் தெரு, பேருந்துக்குப் பேருந்து காட்டுவானே, அதே விரல். எல்லாம் ஜோர், நான் அப்பவே சொன்னேன்ல! கடலுக்கு அடியிலும் இந்த ஜம்பமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி காட்டினான். அவள் முகக்கண்ணாடிக்கு நேரே நீட்டி ஆட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சுதான் கேட்டது. அவளுடையது.

திரும்பினாள். கஸ்பார் பக்கத்திலேயே மிதந்தான். குழல் கழன்று தொங்கியது. வாய் திறந்திருந்தது. குமிழி இல்லை. கண் இமைக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மக்காமேதான் இருவரையும் மேலே இழுத்து வந்தார். படகில் கஸ்பாரைக் கிடத்தி, கை ஓயும்வரை நெஞ்சை அழுத்தினார். பலனில்லை.

"உங்ககிட்ட ஏதாச்சும் சாடை காட்டினாராக்கா?"

"போவான்னு... விரலத் தூக்கி..."

"ஐயோ, தண்ணிக்குள்ள அது போவா இல்லக்கா. மேல போவோம்னு அர்த்தம். கீழ போவோம்னா விரலக் கவுத்துக் காட்டுவோம். இதுகூடத் தெரியாமலா எறங்கினீங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்பப் போனார். சுபிராவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கஸ்பாரின் மார்பில் குத்தினாள்.

"எதுக்குடா பொய் சொன்ன? உன் சாடை எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவனுடைய வலது கட்டைவிரல் இன்னும் விறைத்து நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மடக்கினாள்.

"போதும். மேல வந்தாச்சு."

மடங்கியது. பிறகு எல்லா விரல்களும் சேர்ந்து அவள் மணிக்கட்டைச் சுற்றின. ஈரம். சில்லிப்பு. இறுக்கம்.

கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் மக்காமே திரும்பவில்லை.

கஸ்பாரின் நெஞ்சு அசையவில்லை. வாயோரம் கடல்நீர் வழிந்தது. பலகையில் கிடந்த அவனது இடது கை மெல்ல எழும்பியது. கட்டைவிரலை நீட்டியது. அவள் முகத்துக்கு நேரே வந்தது.

விரல் கவிழ்ந்தது.